ஏக்கர் காண்ட்ராக்ட் எடுக்கலாமா? பட்டாளத்திலிருந்து திரும்பி விளையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், திருவட்டாறு, விளவங்கோடு தாலுகாக்களில் நிலத்தை ஏக்கர் கணக்கில் பேசித் திருத்திக் கொடுக்கும் காண்ட்ராக்டில் பொதுவாக இவ்வளவும் அடங்கும்: புதர் வெட்டுவது, ஜேசிபி விட்டு மண்ணைத் தட்டுத் தட்டாக ஒதுக்குவது, வேலி, குழி, சொட்டுநீர்க் குழாய், தென்னையும் வாழையும் நடுவது, முதல் தவணை உரம். பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றால் இரண்டு வாரத்தில் தோப்பு கைக்கு வந்துவிடும் என்பார்கள். படையிலிருந்து திரும்பும் ஆளுக்கு இந்தப் பேச்சு இனிக்கும். சிப்பாய்க்கு 15 வருடச் சேவையிலேயே பென்ஷன் உண்டு. நாற்பது வயதுக்குள் ஊர் வருகிறார், கையில் மொத்தமாக ஒரு தொகை இருக்கிறது, தாத்தா காலத்து விளை (மேட்டுத் தோட்ட நிலம்) ஒன்று காடு பிடித்துக் கிடக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாத நேரத்தில் ஒருவர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன் என்றால் யாருக்கும் மனம் சாயும்.

எந்த ஒரு காண்ட்ராக்டரைப் பற்றியும் இது பேசவில்லை. அந்தச் சேவை எப்படிக் கிடைக்கிறதோ அதை அப்படியே எடுத்து எடை போடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மண் வேலைக்கும் வேலிக்கும் கொடுக்கும் காசு தகும். நடவுக்கும் உரத்துக்கும் கொடுக்கும் காசு தகாது. உரத்துக்குத் தட்டுப்பாடு வரும் போர்க்காலத்தில் அந்தப் பாதி ஆளையே கவிழ்த்துவிடும்.

போரிலிருந்து திரும்பியவர்களை நிலத்தில் குடியேற்றுவது பழைய வேலை. அதில் எது நின்றது, எது விழுந்தது என்பது பதிவாகியிருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரேலியா தன் வீரர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தது. பெரும் நஷ்டம் வந்தது. காரணம் தேடிய நீதிபதி பைக் 1929ல் அறிக்கை கொடுத்தார். கையில் முதல் இல்லாதது, குடும்பம் பிழைக்கக் காணாத அளவு நிலம், விவசாயத்துக்குப் பழகாத ஆட்கள், விளைபொருள் விலை விழுந்தது என்று நான்கைச் சொன்னார். நம் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அன்றைய சென்னை அரசு வயநாட்டில் முன்னாள் படைவீரர்களைக் குடியேற்றியது. அவர்களுக்காகவே 1946ல் அம்பலவயலில் ஒரு மாதிரிப் பண்ணையைத் தொடங்கியது. இன்று அதே இடம் வேளாண் ஆராய்ச்சி நிலையமாக நடக்கிறது. நாற்றும் யோசனையும் கேட்கப் பக்கத்தில் ஒரு இடம் வேண்டும் என்பதை அன்றே புரிந்திருந்தார்கள். காண்ட்ராக்ட் சேவையில் விடுபட்டுப் போவது அந்த ஒன்றுதான். நட்ட மறுநாள் வண்டி கிளம்பிவிடும். முதல் கோடையில் ஓலை மஞ்சளித்தால் கேட்க ஆள் கிடையாது.

நம் மாவட்டத்தில் அந்த வேலையைச் செய்ய இரண்டு இடங்கள் இருக்கின்றன. வயலுக்குத் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே உள்ள வேளாண் அறிவியல் நிலையமும். தோட்டப் பயிருக்குப் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். காண்ட்ராக்டரிடம் விலை கேட்பதற்கு முன்பே இந்த இரண்டு வாசலையும் மிதித்துவிட வேண்டும்.

ஜேசிபி வருவதற்கு முன்

பட்டா, சிட்டா, புலப்படம், 30 வருட வில்லங்கச் சான்று. இந்த நான்கும் கையில் வராமல் மண்ணில் இரும்பு படக் கூடாது. 1949 வரை இந்த மண் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அதனால் பழைய ஆவணத்தின் எல்லைக்கும் இன்றைய புலப்படத்தின் எல்லைக்கும் ஒன்றிரண்டு சென்ட் வித்தியாசம் வருவது இங்கே சகஜம். சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகுதான் வேலி. மலையடிவாரக் கிராமம் என்றால் தனியார் காடு பாதுகாப்புச் சட்டத்திலோ மலையிடப் பாதுகாப்புப் பட்டியலிலோ அந்தச் சர்வே எண் வருகிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். வந்தால் மரம் வெட்டவும் மண் எடுக்கவும் தனி அனுமதி வேண்டும். காண்ட்ராக்டர் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். நோட்டீஸ் வருவது நிலத்துக்காரர் பேருக்கு.

ஏலாவில் (வயல்வெளியில்) கிடக்கும் வயலை மண் போட்டு மேடாக்கித் தென்னை வைத்துத் தருகிறேன் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். சட்டம் ஒரு பக்கம். மேலே உள்ள வயலுக்குத் தண்ணீர் தேங்கும், கீழே உள்ளதற்கு வராது. ஊரில் வாழ வந்தவர் ஊரோடு பகைத்துக்கொண்டு தொடங்க வேண்டாம்.

மண் வேலை: எடுக்கலாம், கூடவே நிற்க வேண்டும்

சரிவில் கிடக்கும் சரல் (சரளை) மண்ணில் மேல்மண் ஒரு சாண்தான். உயிரெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஜேசிபி ஓட்டுநருக்கு மணிக்கணக்கு. ஒரே இழுப்பில் மேல்மண்ணையும் அடிச்சரலையும் கலந்து தள்ளிவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது. நிலத்துக்குப் பத்து வருடம் போய்விட்டது. முதலில் மேல்மண்ணை மட்டும் வாரி ஓரத்தில் குவி, பிறகு தட்டு வெட்டு, கடைசியில் அந்த மண்ணையே மேலே பரப்பு என்று எழுத்தில் வாங்க வேண்டும். மணி கூடும். அந்தக் காசைக் கொடுத்தே ஆக வேண்டும்.

தட்டு சமமட்டத்தில் போகிறதா என்று பார்க்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஆளுயரக் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, காலை அகட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டினால் போதும். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு காலையும் தரையில் வைத்து, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. காலை இடம் மாற்றி, அதே இரண்டு புள்ளியில் வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே வருவது மட்டம். இனி நூல் அந்த நடுக்கோட்டில் நிற்கும்படி ஒவ்வொரு காலாக நகர்த்திக்கொண்டே போய்க் குச்சி அடித்தால் மலையைச் சுற்றி மட்டக்கோடு விழும். அரை நாள் வேலை. ஓட்டுநர் கண்ணளவில் வெட்டிய தட்டு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ஒரு மூலையில் தண்ணீரைச் சேர்த்து உடைத்துக்கொண்டு போகும். குச்சி அடித்த தட்டு நிற்கும்.

வேலியில் கணக்கு எளிது. சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. 10 அடிக்கு ஒரு கல்தூண் என்றால் 84 தூண். 7 அடித் தூணில் 2 அடி மண்ணுக்குள் போக வேண்டும். மூலைத் தூணுக்கு இரண்டு பக்கமும் முட்டு வேண்டும், இல்லையேல் கம்பியை இழுத்துக் கட்டும்போதே சாயும். காட்டை ஒட்டிய இடம் என்றால் கீழ்க்கம்பி தரையிலிருந்து அரை அடிக்கு மேல் போகவே கூடாது. காட்டுப்பன்றி மேலே தாண்டாது, அடியில் மூக்கைக் கொடுத்துத் தூக்கும். தூணுக்கு நடுவே மூன்றடிக்கு ஒரு சீமைக்கொன்னை (கிளைரிசிடியா) கம்பு ஊன்றச் சொல்லுங்கள். காண்ட்ராக்டில் இது இருக்காது. அதற்கு ஆகும் செலவு வெட்டுக்கூலி மட்டும்தான். பின்னால் உரம் கிடைக்காதபோது இந்த வேலிதான் கைகொடுக்கும்.

குழி: ஆறு மாத வேலையை ஒரு வாரத்தில் முடிக்கிறார்கள்

தென்னைக்கு 25 அடி இடைவெளி. ஏக்கருக்கு 70 மூடு, அதாவது 70 கன்று. கூலி மூட்டுக் கணக்கில் பேசினால் 20 அடியில் வைத்து 109 ஆக்கிவிடுவார்கள். அன்றைக்குத் தோப்பு நிறைந்தது போலத் தெரியும். பத்து வருடத்தில் ஓலை ஓலையோடு மோதும், ஊடுபயிர் போகும், காய் குறையும். அதனால் ஏக்கருக்கு என்று பேசுங்கள், இடைவெளியை எழுதுங்கள்.

சரல் மண்ணில் குழி நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி ஆழம். நடுவதற்கு ஆறு மாதம் முன்பே வெட்டி, குழிக்கு 2 கிலோ கல்லுப்பு போட வேண்டும். உப்பு சரலை இளக்கும். 70 குழிக்கு 140 கிலோ. புத்தளம் உப்பளப் பக்கம் போனால் மூட்டையாகவே வாங்கலாம். அப்படியானால் மார்கழியில் குழி, வைகாசி கடைசியில் மழை பிடித்ததும் நடவு. காண்ட்ராக்டில் திங்களன்று குழி, சனியன்று கன்று. சரல் இளகாத குழி மண்சட்டி மாதிரி. வேர் சுவரைத் தொட்டதும் வளைந்து சுற்றிக்கொள்ளும், மூன்றாம் வருடத்தில் மரம் நின்றுபோகும். ஜேசிபி வாளி வெட்டிய குழியில் இன்னொரு கேடும் சேர்கிறது. இரும்பு தேய்த்த பக்கச்சுவர் மெழுகினது போல இறுகிவிடும். நான்கு பக்கமும் கம்பிப்பாரையால் குத்திச் சிராய்த்துவிட வேண்டும்.

குழியின் அடியில் கதம்பை (தேங்காய் மட்டை) இரண்டு அடுக்கு, குழிந்த பக்கம் மேலே பார்க்க. மழையைக் கிண்ணம் போலப் பிடித்து வைக்கும். பின்னால் மரம் வளர்ந்து பாத்தியின் மேலே கதம்பை மூடும்போது மாற்றிப் போட வேண்டும், குவிந்த பக்கம் மேலே. அங்கே ஈரம் ஆவியாகாமல் தடுப்பதுதான் வேலை. இரண்டையும் குழப்புகிறவர்கள் ஏராளம். கதம்பைக்கு மேல் மேல்மண்ணும் தொழுவுரமும் கலந்து இரண்டடி நிரப்பி, நடுவில் கன்று. குழியை முட்ட நிரப்பிவிட்டு நடக் கூடாது. மரம் வளர வளர மண்ணைத் தள்ளி மூட வேண்டும்.

கன்றை நீங்களே போய்ப் பொறுக்குங்கள். ஒரு வயது, ஆறு ஓலைக்குக் குறையாமல், கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டருக்கு மேல். நம் மாவட்டத்தில் வேர் வாடல் நோய் இருக்கிறது. எங்கிருந்தோ லாரியில் வந்திறங்கும் கன்றுக்குத் தாய்மரம் எதுவென்று யாருக்கும் தெரியாது. அரசுப் பண்ணைக் கன்றுக்கு முன்பே பதிந்து வைக்க வேண்டும். அதனால்தான் குழி வெட்டும் மாதத்திலேயே கன்றுக்குச் சொல்லிவைப்பது.

உரப் பாதி: எடுக்கவே வேண்டாம்

காண்ட்ராக்டில் தென்னைக்கு நடுவே ஏத்தன் (நேந்திரன்) வாழை வைத்துத் தருவார்கள். சீக்கிரம் காசு வரும் என்பது பேச்சு. ஏத்தனுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, மூட்டுக்கு 150 கிராம் தழைச்சத்து, 90 கிராம் மணிச்சத்து, 300 கிராம் சாம்பல்சத்து. 300 கிராம் சாம்பல்சத்து என்றால் அரைக் கிலோ மூரியேட் பொட்டாஷ். ஆறடிக்கு ஆறடி தனி வாழைத் தோட்டமாக வைத்தால் ஏக்கருக்கு 1,210 மூடு. அதற்கு மட்டும் 605 கிலோ பொட்டாஷ், 12 மூட்டை. வளர்ந்த தென்னைக்கு வருடம் 2 கிலோ வீதம் 70 மரத்துக்கு 140 கிலோ, அதாவது சுமார் 3 மூட்டை.

நம் நாட்டுக்கு வேண்டிய பொட்டாஷ் கிட்டத்தட்ட முழுதும் கப்பலில் வருகிறது. ரஷ்யாவும் பெலாரஸும் உலகத்துக்குப் பெரும் பங்கைக் கொடுப்பவை. உக்ரைனில் போர் மூண்ட 2022ல் இங்கே 50 கிலோ மூட்டை 1,700 ரூபாய்க்கு விற்றது. அந்தக் கணக்கில் ஒரு ஏக்கர் ஏத்தனுக்குப் பொட்டாஷ் மட்டும் 20,400 ரூபாய். யூரியா மூட்டை 45 கிலோ 266 ரூபாய் 50 காசு என்று அரசு விலை கட்டியிருக்கிறது. ஆனால் அதைச் செய்யும் இயற்கை எரிவாயுவில் ஒரு பகுதி கத்தாரிலிருந்து ஹோர்முஸ் நீரிணை வழியாகத்தான் வர வேண்டும். அங்கே சண்டை என்றால் விலை ஏறாது, மூட்டை கிடைக்காது. உரக்கடையில் ஆதாரும் கைரேகையும் வைத்துத்தான் தருவார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகச் சேரப் பட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். புதிதாக ஊர் வந்தவர் பருவம் தொடங்குவதற்கு முன்பே இதை முடிக்காவிட்டால் வரிசையில் கடைசி. யூரியா வேண்டுமென்றால் இந்த டப்பாவையும் வாங்கு என்று தலையில் கட்டுவது சட்டப்படி குற்றம். அப்படிச் சொன்னால் வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

ஆக, முதல் வருடமே ஒரு ஏக்கர் முழுக்க ஏத்தன் வைப்பது, சப்ளை லைன் இல்லாத இடத்தில் படைக் கம்பெனியைக் கொண்டுபோய் நிறுத்துவது போல. பட்டாளத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30ல் இந்த மாவட்டத்தில் வாழை கிடந்த கிடப்பையும் மறந்துவிடக் கூடாது. வைக்கத்தான் வேண்டும் என்றால் ஐம்பது அறுபது மூடு, முட்டுக் கொடுத்து, வீட்டுச் சாணியும் சாம்பலும் எட்டும் தூரத்தில். குலை வெட்டியதும் தண்டை வெளியே தள்ளாமல் நறுக்கி அதே மூட்டில் போட வேண்டும். வாழை உறிஞ்சிய சாம்பல்சத்தில் பெரும்பகுதி அந்தத் தண்டில் கிடக்கிறது.

முதல் பயிர் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு). 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கையில் போனதும் பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூரில் சோற்றுக்குப் பஞ்சம். விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் பரப்பிவிட்ட கிழங்குதான் அன்று வயிற்றைக் காத்தது. அதே காரணங்கள் இன்றும் நிற்கின்றன. மூட்டை உரம் குறைந்தாலும் ஒன்றுமில்லாமல் போகாது. சரிவிலும் வரும். மானாவாரியில் எட்டு முதல் பத்து மாதத்தில் எடுக்கலாம். மூன்றடிக்கு மூன்றடி வைத்தால் ஏக்கருக்கு 4,840 மூடு. தென்னங்கன்றைச் சுற்றி ஆறடி வட்டத்தை விட்டுவிடுங்கள். நல்ல கம்பின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, ஒரு சாண் நீளத்தில், எட்டுப் பத்து கண் இருக்கும்படி நறுக்க வேண்டும். அடி முற்றிப்போனது, நுனி பிஞ்சு; இரண்டும் வேண்டாம். வெட்டுவாய் வட்டமாக, சிதையாமல் இருக்கட்டும். வெட்டோத்தி மழுங்கியிருந்தால் தோல் கிழிந்து அழுகும். கண் மேல்நோக்கி, இரண்டு அங்குலம் மண்ணில். இலை சுருண்டு மஞ்சள் திட்டு விழுந்த மூட்டிலிருந்து கம்பு எடுத்தால் தேமல் நோய் முழு விளைக்கும் போகும். அறுவடைக்கு முன்பே நல்ல மூடுகளில் துணியைக் கட்டி அடையாளம் வைத்துக்கொள்வது அதற்குத்தான். நல்ல ரகக் கம்பு திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்தியக் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கிடைக்கும். கசப்பு ரகம் என்றால் மூடாமல் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். பட்டினியில் அவசரப்பட்டுத் தின்றவர்கள் மயங்கி விழுந்ததும் இந்தக் கிழங்கில்தான்.

தழைச்சத்துக்குத் தென்னைப் பாத்திக்கு 50 கிராம் சணப்பை விதை. பூக்கும்போது மடக்கி மண்ணில் புதைப்பது. வேலிச் சீமைக்கொன்னையை வருடம் இரண்டு தரம் கழித்துப் போடுவது. சாம்பலை நனையாமல் வைத்துப் போட வேண்டும். ஒரு மழை பட்டால் சத்து கரைந்துபோகும். யூரியாவையும் சாம்பலையும் ஒரே நாளில் கலந்து போட்டால் யூரியா ஆவியாகப் பறக்கும், மூக்கிலேயே தெரியும். குழிக்கு உப்பு போட்டது நல்லதென்று வாழைக்கும் போட்டுவிடாதீர்கள். தென்னை தாங்கும், வாழை கருகும்.

சொட்டுநீரும் பணமும்

சொட்டுநீரைக் காண்ட்ராக்டில் சேர்க்காதீர்கள். ஐந்து ஏக்கருக்குள் நிலம் இருந்தால் சிறு குறு விவசாயி சான்று வாங்கி, தமிழ்நாட்டில் 100 சதவீத மானியத்தில் போடலாம். மற்றவர்களுக்கு 75. காண்ட்ராக்டர் போட்ட குழாய்க்கு முழுக் காசும் உங்கள் கையிலிருந்து. பெரும்பாலும் வடிகட்டியும் இருக்காது. இரும்பு கலந்த தண்ணீரில் ஆறு மாதத்தில் துளை அடைக்கும். மானியக் குழாய் வரும்வரை முதல் கோடைக்குக் கன்றுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை 45 லிட்டர், குடத்தால்தான். மேற்கே ஓலைத் தட்டி நிழல் கட்டாயம்.

ஒப்பந்தத்தில் வேலையைப் பிரித்து எழுதுங்கள்: புதர், மேல்மண் குவித்தல், தட்டு, மேல்மண் பரப்புதல், வேலி, குழி. ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை. மொத்தத்தில் கால் பங்கை இடவப்பாதியும் துலாவர்ஷமும் (வடகிழக்குப் பருவமழையும்) ஒரு சுற்று பெய்து முடியும்வரை கையில் வைத்திருங்கள். தட்டு உடைந்தால் திரும்ப வந்து கட்டித் தர வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். அந்த வரிக்குக் கையெழுத்துப் போட மறுக்கிற ஆளிடம் ஜேசிபியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, குச்சியை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.